கண்ணாடி போட்ட மண்டையோடு

அஜ்மான்
15-3-1976, திங்கட்கிழமை

என் கண்ணம்மா ஷியாமளாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. சென்னையில் நீ ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டாவது சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இருவரில் ஒருத்திக்குத்தான் என்னால் சாட்சி சொல்ல முடியும். அப்பா இன்னும் கடலிலிருந்து வரவில்லை. பதினைந்து நாள் டியூட்டி முடிந்து போன வியாழக்கிழமையே எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து படகில் திரும்பியிருக்க வேண்டும். புதன்கிழமை பிடித்த வடகாற்று இன்னும் விடவில்லை, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்து அடைத்தும் சோற்றில் மணல் கடிக்கிறது. கம்பெனி ஆபீஸில் போய்க் கேட்டேன். மேடையில் வயர்லெஸ் கம்பம் சாய்ந்துவிட்டதாம், பேச முடியவில்லையாம், காற்று அடங்கினால் படகு போகுமாம், "மாஃபி முஷ்கில், கர் ஜாவோ", ஒன்றும் கவலையில்லை வீட்டுக்குப் போ என்று அந்த கிளார்க் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு ஆபிதா, அதுதான் கீழக்கரைக்காரி, "கடல்ல இருக்கிறவங்களுக்குக் காத்து என்ன புதுசாக்கா, மொதல்ல நீங்க சாப்புடுங்க" என்று கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். சாப்பிட்டேன் என்று அவளிடம் பொய் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஷியாமளா, உன்னிடம் மறைக்க முடியவில்லை.

நீ அனுப்பிய படம் அவர் டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள்தான் வந்தது. மெக்ஸிகோவில் அஸ்டெக் என்ற பழைய ஜனங்கள் கல்லில் செதுக்கி வைத்த காலண்டர், அதை மாஸ்டர் புத்தகத்தில் காட்டி அவரவர் கைப்படி வரையச் சொன்னார் என்று நீ எழுதியிருந்ததை அப்பா இரண்டு முறை சத்தமாகப் படித்தார். நடுவில் நாக்கை நீட்டிய சூரியன், சுற்றிலும் இருபது நாளுக்கு இருபது அடையாளம், முதலை, காற்று, பாம்பு, முயல், பூ என்று. கோலத்துக்குக் காவி கட்டுகிற மாதிரி ஓரம் கட்டியிருந்தாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் பிறந்த தேதிகளை எண்ணிப் பார்த்து எனக்கு நாய் என்று போட்டிருந்தாய். அதில் வருத்தமில்லை, இந்த வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பது நான்தானே. உனக்குப் பூவாம், நீயே எண்ணினால் பூ வராமல் வேறென்ன வரும். ஆனால் அப்பாவுக்கு மண்டையோடு வந்தால் அதை அப்படியே வரைந்து அனுப்புவார்களா? அதற்கு அவருடைய கறுப்பு ஃபிரேம் கண்ணாடியை வேறு மாட்டி, காது இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலையும் செருகியிருந்தாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பெண் என்னை நன்றாக இளைக்க வைத்துவிட்டாள் என்று சொல்லி ரேடியோவுக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினார். அது சாவைக் குறிப்பதுதான், ஆனால் அந்த ஜனங்களுக்கு அது கெட்ட அடையாளம் இல்லை என்று நீ ஓரத்தில் எழுதியிருந்தாய். அவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம். காற்று பிடித்த அன்றே நான் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அப்பாவையே சுவரைப் பார்த்து நிற்க வைத்தது போல இருந்தது, மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன். இந்த ஐந்து நாளாக இதே வேலைதான்.

இனி எழுதுவதைப் படித்தவுடன் கடிதத்தைக் கிழித்துவிடு. நீ எண்ணிய 1930 ஏப்ரல் 22 உன் அப்பா பிறந்த தேதியே இல்லை. அது அவருக்கு முன்னால் பிறந்து பதினோரு மாதத்தில் போய்விட்ட அண்ணனுடையது. அப்பாவின் சேதுமாதவன் என்ற பெயரும் அந்தக் குழந்தையின் பெயர்தான். அப்பா பிறந்ததை உன் தாத்தா பதியவே இல்லை, பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சீட்டு கேட்டபோது வீட்டில் இருந்த ஒரே சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, பாஸ்போர்ட்டில் ஏறி, இந்த ஊர் விசா வரைக்கும் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோது எனக்குத் தெரிய வந்தது. தெரிந்தால் விசா கொடுத்த கஃபீல் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று அப்பாவுக்குப் பயம், உன்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அதை இன்று உடைத்துவிட்டேன். இன்று காலையில்தான் எனக்கே இது உறைத்தது. மண்டையோடு அவருக்கு இல்லை என்று தரையில் உட்கார்ந்து அழுதேன், எழுந்து காபி போட்டேன். பாதி டம்ளர் குடிப்பதற்குள் வேறு நினைப்பு வந்துவிட்டது. செத்துப்போன குழந்தைக்கு அந்தக் கல் சரியாகத்தானே காட்டியிருக்கிறது? அப்படியென்றால் அப்பாவின் சொந்தத் தேதிக்கும் சரியாகத்தானே சொல்லும்? அவர் ஆங்கீரச வருஷம் ஆவணி பத்தாம் தேதி, ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்தவர். லைப்ரரியில் பழைய பஞ்சாங்கம் இருந்தால் இங்கிலீஷ் தேதி பார்த்து எண்ணு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். பாம்பு வந்தால் என்ன செய்வேன்? காற்று வந்துவிட்டால்? வேண்டாம் ஷியாமளா, எண்ணாதே. எண்ணாமலே ஒரு முயலை வரைந்து அனுப்பிவிடு. பொய்த் தேதியிலேயே இத்தனை வருஷம் பிழைத்த மனிதர், பொய் முயலிலும் பிழைத்துக்கொள்வார்.

ஆபிதாவின் வீட்டுக்காரர் யூசுப் பாய் துபாய்க் கடைக்குக் கிளம்பிவிட்டார், தபாலில் போட இதை அவரிடம்தான் கொடுக்க வேண்டும், வாசலில் ஹார்ன் அடிக்கிறார். உன் பதில் வர பத்து நாளாகும், அதற்குள் அப்பா வந்துவிடுவார், வந்ததும் என் படம் எங்கே என்றுதான் கேட்பார். நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வெயிலில் தலையைக் காயவிட்டுச் சுற்றாதே, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அப்பா பெயருக்கு அர்ச்சனை செய். ரோகிணி என்றே சொல். முயலுக்கு அவருடைய கண்ணாடியை மாட்ட மறந்துவிடாதே. அது இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய முயலாகிப் போய்விடும்.

உன் வரவையும் அவர் வரவையும் பார்த்திருக்கும்
அம்மா சந்திரகலா