கன்னியம்மா வீட்டுக் கொலுவுக்கு ஒரு ஜப்பான் பொம்மை

ரௌத்திரி, ஆவணி 5, வியாழன். ஒசாகா.

வெயில். நம் ஊர் வெயில் காயும், இது வேகவைக்கிறது. ரவிக்கை பிழிந்தால் தண்ணீர்.

தணிகைக்கு லீவு. பொம்மைக் கடைக்குக் கூட்டிப் போனான். இங்கே தறி மிஷின் கம்பெனியில் அவனுக்கு மூன்று வருஷ வேலை. மருமகள் சரஸு ஆறு மாசம். பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அவளை ஊருக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன். வந்த இடத்தில் பொம்மை வேலையும்.

வாங்க வேண்டியது: மடக்குக் குடை. நைலான் புடவை (எனக்கில்லை, சம்பந்தி அம்மாளுக்கு). இவருக்கு பிளேடு. என் கொலுவுக்குப் பொம்மை. க.வுக்குப் பொம்மை.

க. என்றால் கன்னியம்மா, என் ஓரகத்தி. முழுப் பேரை ஒரு தடவை எழுதியாயிற்று, போதும். கிளம்புகிற அன்று திருத்தணி ஸ்டேஷனில், தெரு ஜனம் அத்தனையும் நிற்க, அவள் சொன்னது:

"ஏ ருக்கு, எங்கூட்டு கொலுவுக்கு ஒரு பொம்மை எட்தா. கண்ணு மூடித் தொறக்கறதா பாரு. உன் ராசிக்கு மூடினதாவே வந்துடப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று தெரியும்.

என் சின்னப் பெண் ஜுரத்தில் இறந்த வருஷம், நவராத்திரிக்கு க. வீட்டு வாசலில் நின்றேன். மாம்பழக் கலர் புடவை அவள் உடம்பில். காதில் என் தோடு, இரவல். "கொலுவுக்கு எதிர்ல நிக்காத ருக்கு. கொயந்தையப் பறிகுடுத்தவ கண்ணு பட்டா ஆவாது. அப்பால நின்னு வாங்கிக்க." இலையில் சுண்டலைச் சுருட்டி வாசற்படியில் வைத்தாள். உப்பில்லாத சுண்டல். தோடு பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தது, ஒரு திருகாணி இல்லாமல்.

கடையில் கீழே எல்லாம் தகரம். புகை விடுகிற ரயில், ஜால்ரா தட்டுகிற குரங்கு. கோட்டுப் போட்ட நரைத்த ஆள் ஒருவன் தகரக் கார் வாங்கினான். அட்டைப்பெட்டியில் கீறல் இருக்கிறதென்று வேறு பெட்டி கேட்டான்.

"பேரனுக்காடா?"

"இல்லம்மா, அவருக்குத்தான். சேத்து வச்சிக்கினு இருப்பாங்க. பெட்டியக்கூட தொறக்க மாட்டாங்க."

"கட்னவ கூட இருக்காளா, ஓடிட்டாளா?"

"மெதுவாம்மா."

"அவனுக்கு என்னா தமிழ் தெரியப் போவுது."

மாடியில் பார்த்து நின்றுவிட்டேன். படி, சிவப்புத் துணி, மேல் படியில் ராஜா ராணி, கீழே பாட்டுக்காரர்கள். கொலுவேதான். மாசி மாசம் பெண் பிள்ளைகளுக்காக வைப்பார்களாம். அந்த விலைக்கு ஒரு பவர்லூம் வாங்கலாம். தணிகை பார்க்காத மாதிரி நகர்ந்தான். பெண்டாட்டிக்குக் கைக்கடிகாரம் வாங்கும்போது மட்டும் கண் தெரிந்தது.

எனக்கு ஒன்று எடுத்தேன். பட்டு உடுத்திய பெண், ஒரு முழம். படுக்க வைத்தால் கண் மூடும். பட்டைத் தேய்த்துப் பார்த்தேன், அசல்.

"பெரிம்மாவுக்கு?"

"பாக்கலாம்."

ஆவணி 6, வெள்ளி.

மழை. குடை நல்ல குடை.

சரஸு படுக்கையில். போன வருஷம் இங்கேயே மூன்றாம் மாசத்தில் ஒன்று போனதிலிருந்து எதற்கும் பயம். கரண்டி விழுந்தால் அழுகை.

"அத்தே, காலைலேந்து அசையவே இல்ல."

"தூங்கும். உன்னிய மாதிரி."

கொஞ்ச நேரத்தில் உதைத்தது. என் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். என் கையிலும் உதைத்தது. ஆண்தான். சிரிக்கும்போது இவளுக்கு ஈறு தெரிகிறது. பிள்ளை தணிகை சாடையில் பிறக்கட்டும்.

க.வின் மருமகள் பத்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், வயிறு திறக்கவில்லை. மாமியாருக்குத் தெரியாமல் எனக்கு வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தவள் அவள். நல்ல பெண். விழுந்த இடம் அப்படி.

ஆவணி 7, சனி.

வெயில். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கோயிலுக்குத் தனியாகப் போனேன். கல்லில் சின்னச் சின்னப் பிள்ளைகள் வரிசையாக. மொட்டைத் தலை, கழுத்தில் சிவப்புத் துணி. காலடியில் பொம்மை, கிலுகிலுப்பை, காற்றாடி. காகித விளக்கு கட்டித் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

புரிந்துவிட்டது. ஆர்.கே.பேட்டை தாண்டி என் பிறந்த ஊர் அம்மன் கோயிலில் இதே வழக்கம். வேண்டிப் பெற்றவள் பொம்மை கொண்டுவந்து வைப்பாள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அதில் ஒன்றை எடுத்துப் போவார்கள், அந்த வயிறும் திறக்கும் என்று.

ஒன்று எடுத்தேன். துணிப் பொம்மை, கை நீளம், சாயம் போனது. க.வுக்கு இது போதும். பத்மாவுக்குப் பலித்தால் பலிக்கட்டும், எனக்கென்ன நஷ்டம்.

பக்கத்தில் முட்டி போட்டிருந்த சின்ன வயசுக்காரி என் கையையே பார்த்தாள். கும்பிட்டேன். அவள் தரையில் நெற்றி படக் கும்பிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. மரியாதை தெரிந்த ஜனம்.

ஆவணி 8, ஞாயிறு.

காலையிலேயே கூச்சல். சரஸு பொம்மையைப் பார்த்துவிட்டாள்.

"எங்கேந்து அத்தே இது?"

"கோயில்ல. பத்மாவுக்கு."

"அய்யோ, அது செத்த புள்ளைங்களுக்கு வைக்கிறது அத்தே. பொறந்து போனது, வவுத்துலயே போனது, அதுங்களுக்கு. எனக்குப் போச்சே, அப்ப பக்கத்து வூட்டம்மா கூட்டிக்கினு போனாங்க. நானும் ஒரு கிலுகிலுப்பை வச்சிட்டு வந்தேன். யாரோ பெத்தவ வச்சத எட்தாந்து வூட்ல வச்சிருக்கியே..."

வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

தணிகை ஆடினான். "என்னம்மா வேலை இது? இப்பவே போய் வச்சிட்டு வரலாம், கெளம்பு."

"கத்தாதடா. நான் ஒண்ணை மண்ணுல வச்சவ. எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன். சுற்றியது நான். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான், உள்ளே வரப் பயம்.

கடைசிக் கல் பிள்ளையின் காலடியில் வைத்துப் பிரித்தேன். பட்டு உடுத்தியவள். என் முழம் உயரக்காரி. படுக்க வைத்ததும் தானே கண் மூடிக்கொண்டாள். சின்னவளுக்கு நான்தான் விரலால் மூடிவிட வேண்டியிருந்தது. மூடி மூடித் திறந்தது.

அவளுக்கு ஒரு பொம்மை வாங்கினதில்லை.

சரி. அதை எதற்கு எழுதுகிறேன்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்." பொய் இல்லை.

துணிப் பொம்மை பால்கனியில், என் டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில். சரஸு படுக்கிற கூரைக்குள் அதை வைப்பேனா? நானென்ன பேயா.

ஆவணி 9, திங்கள்.

மேகம். பெட்டி கட்டியாயிற்று. பிளேடு மறந்தது, இவர் தாடியோடு இருக்கட்டும்.

க. கேட்பாள், என்ன பொம்மை இது, சாயம் போய்க் கிடக்கிறதே என்று. ஜப்பான் கோயில் பிரசாதம், பிள்ளை வரத்துக்கு என்பேன். வாயை மூடிக்கொண்டு மேல் படியில் வைப்பாள். ஒன்பது நாளும் பத்மா அதற்கு விளக்கேற்றட்டும். சரஸ்வதி பூஜை அன்று, எல்லாரும் சுண்டலுக்கு உட்கார்ந்த பிறகு, அது யாருக்கு வைத்த பொம்மை என்று சொல்வேன். க. வீட்டு வாசற்படியில் நின்றபடியே சொல்வேன்.

பத்மா பாவம்தான். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

நாளை மறுநாள் விமானம். சரஸு காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. மத்தியானம் தானாக வந்து என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். "அத தூரமா வச்சிட்டு வந்துட்டியே, அது போதும் அத்தே." உதைக்கவில்லை. தூங்குகிறது.

விமானத்தில் இவள் மேலே உட்காருவாள், பெட்டி கீழே எங்கேயோ போகும். அது ஒரே கூரை ஆகாது.