கரையில் சிரிக்கிறவள்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று பட்டறையில் இருந்தது உன் அப்பா, நான், சுவரில் சாமி படம், அவ்வளவுதான்.

அந்தக் கடற்பயண நினைவு நாணயத்துக்குப் பிளாஸ்டர் மாதிரியை முடித்துவிட்டார். கப்பலை வரவேற்கும் தீவுப் பெண்ணுக்கு உன் முகம். "கப்பல்ல வந்து ஊரையே கொளுத்தினவங்களைப் பாத்து அவ எதுக்குப்பா சிரிக்கணும்?" என்று நீ கேட்டதற்குத்தானே அன்று சுத்தியலை ஓங்கினார். அன்று உடைந்த உன் பல்லையும் சேர்த்துச் செதுக்கி, உன்னைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

"பாத்தியா, இப்ப எவ்வளவு அடக்கமா இருக்கா உன் பொண்ணு" என்றார்.

அதே சுத்தியலால் அந்த மாதிரியை அடித்தேன். குறுக்கே கை வைத்தார். பார்த்தேன். பார்த்த பிறகும் அடித்தேன்.

விரல்கள் மெஷினில் சிக்கியதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். சாமியிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன், வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுவார். துணிமணியைக் கட்டி வைத்துவிட்டேன். உன்னிடம் வரலாமா? சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா