அண்ணன் வாய் திறந்த குச்சி

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் சளி பிடிக்காமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன், முதுகு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா என்று டாக்டர் உன்னைப் போனில் கேட்டாராமே, சரியென்று சொல்லிவிடாதே, இதை முழுதும் படித்துவிட்டுச் சொல்.

பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அண்ணன் கரண்டியைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்கிறார். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறதாம், வாய்தான் திறக்கவில்லை. வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா பல் தேய்க்கப் பிரஷ்ஷை நீட்டினால் இன்னும் இறுக்கம். கெஞ்சினேன், மிரட்டினேன், பாடக்கூடச் செய்தேன், ஓய்ந்துபோனேன் மகளே, எனக்கே சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் என் மூளை விழித்தது, இவர் ஆயுசில் பிரஷ் பிடித்த மனுஷனா? பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் உச்சாணிக் கொம்பு வரை ஏறிக் குச்சி ஒடித்து வந்தேன், கீழே நின்று குடைக்கம்பியால் வளைத்தேன் என்று மாடிவீட்டுத் தையல்காரி உனக்குச் சொன்னால் நம்பாதே. நுனியை மென்று பஞ்சாக்க வேண்டும், அண்ணனால் ஆகாது. என் பல் அத்தனையும் இரும்புதான், இருந்தாலும் ஆடுகிற இரண்டை எதற்குச் சோதிப்பது என்று கல்லை வைத்துத் தட்டினேன். தையல்காரி எட்டிப் பார்த்து, "என்ன மாமா, குச்சிய அடிச்சு உண்மைய வாங்குறீங்களா?" என்று சிரித்தாள். நர்ஸம்மாவோ, "முழுங்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டு, குச்சியில் நூல் கட்டி என் விரலில் சுற்றவைத்த பிறகுதான் அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

உதட்டில் வைத்ததுதான் தாமதம், வாய் தானாகத் திறந்தது. குச்சியைக் கடவாய்ப் பல்லுக்குத் தள்ளிக் கடித்தார், இடது கை எழும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் எங்கே தேய்த்தேன், என் கையை ஆட்டி அவரே தேய்த்துக்கொண்டார். சாறு நாக்கில் பட்டதும் முகம் சுளித்து, "கசக்குதுடா கழுதை" என்றார், படுத்த பிறகு பேசிய முதல் பேச்சு. தெருவில் அதைப் பத்து நிமிஷப் பிரசங்கமாகச் சொல்லி வைத்திருக்கிறேன், உனக்கு உள்ளது உள்ளபடி. கொப்பளித்தபின் அரைக் கிண்ணம் கஞ்சி இறங்கியது. மறுநாள் நாலு கரண்டி, நேற்று ஒன்றுமில்லை, இன்று மறுபடி அரைக் கிண்ணம். எடை குறையாதவரை குழாய் வேண்டாம் என்கிறார் டாக்டர், அதற்கு மேல் அவரும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் பிடித்த கையை அண்ணன் விடுவதில்லை. தினம் காலையில் குச்சியோடு போனால் வெயில் சுவரில் பாதி ஏறும்வரை குனிந்தே நிற்கிறேன், இடுப்பு விட்டுப்போகிறது, உருவிக்கொள்ள மனசும் வரவில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், துணியை ஈரத்தோடு போடாதே. லீவு கேட்டு ஒரு நடை வந்துவிட்டுப் போ, அழுவதற்கு வேண்டாம், ஒரு காலைப்பொழுது அவருக்கு உன் மணிக்கட்டைக் கொடு, நான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா