நூல் நனையவில்லை

தாராவி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜைனம்புவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் நலமா? உன் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து முடித்து ஆறு மாதமாகியும் எச்சில் ஊறவில்லை.

சிரிக்காதே, அதற்கு அக்குபஞ்சர் குத்திக்கொள்கிறேன். காதிலும் விரலிலுமாக எட்டு ஊசி. இருபது வருஷமாகத் தோல் பை தைத்தவனையே தைக்கிறார்கள்!

"இதுல கேக்குமா டாக்டரம்மா?" என்றேன்.

"ஆராய்ச்சியில சிலருக்கு வறட்சி குறைஞ்சிருக்கு. ஆனா சும்மா ஊசி குத்துற மாதிரி செஞ்சப்பவும் சிலர் தேவலைன்னாங்க. உறுதியாச் சொல்ல முடியலை" என்றார். பொய் சொல்லியிருக்கலாம்.

ஒரு மாதம் போய்வந்த தைரியத்தில், நேற்று பட்டறையில் பழக்கதோஷமாக நூல் நுனியை வாயில் வைத்தேன். நனையாமல், வைத்தபடியே பிசிறோடு வந்தது. பக்கத்தில் தைக்கும் ஜமால், "இங்க தாரும் வே" என்று வாங்கித் தன் வாயில் நனைத்து, ஊசியில் கோத்துக் கொடுத்தான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

யாராவது இங்கே வந்தால் நோன்புக் கஞ்சிக்கு உடைத்த அரிசி கொடுத்துவிடு. அதுதான் தொண்டையில் இறங்கும். ரமலான் வரட்டுமே என்று சொல்லாதே. எனக்குத் தினமும் நோன்பு வாய்தான், திறக்கத்தான் பள்ளிவாசல் பாங்கு கேட்கவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இந்த உறையையும் ஜமாலிடம்தான் ஒட்டக் கொடுக்கவேண்டும்.

உன்
காலித்