ஜவ்தத்துக்குச் சொன்ன சாப்பாடு

மே 12, திங்கள்

மூன்று நாள் லைன் கிடைக்காமல் இன்று காலையில் என் புருஷன் ஜவ்தத் பேசினான். எப்போதும் போல முதல் கேள்வி: "என்ன சாப்பிட்டே?"

"பருப்புக் கஞ்சி."

"பொய். நாப்லுஸ்ல உட்கார்ந்துக்கிட்டு தினமும் பருப்புக் கஞ்சியா? உன் ரூமுக்குக் கீழயே சாப்பாட்டுக் கடை இருக்குன்னு நீதானே சொன்னே?"

பொய் இல்லை. கஞ்சிதான். காஸாவில், கான் யூனிஸ் கூடாரத்தில், தம்பி குடும்பத்தோடு அவன் ஒரு பிடி மாவுக்கு அலைகிறான். எனக்கு மட்டும் தொண்டைக்குள் எது இறங்கும்?

"நீ பட்டினி கிடந்தா என் வயிறு நிறையுமா, ருதைனா? போய் ஒழுங்கா சாப்பிடு. சாப்பிட்டு, என்னன்னு எனக்குச் சொல்லு. இங்க எல்லாரும் மாவு, தண்ணி, மாவுன்னே பேசறாங்க. காது செத்துப்போச்சு."

மே 13, செவ்வாய்

போனேன். நாலே மேஜை. கடைக்காரர் அபூ வஹீப் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். "வாம்மா தங்கச்சி. ஒன்றரை வருஷமா இந்தப் படியில ஏறி இறங்கறே, இன்னிக்குத்தான் கடை கண்ணுல பட்டுச்சா?"

குழித்த கடலை விழுதில் எண்ணெய் விட்ட ஹும்முஸ், அதன் மேல் சூடான கொண்டைக்கடலை, ஊறுகாய், ரொட்டி. ஒவ்வொரு வாயையும் மனப்பாடம் செய்தபடி தின்றேன். பரீட்சைக்குப் படிப்பது போல.

சாயங்காலம் சொன்னேன். அவன் விடவில்லை. "எண்ணெய் நடுக்குழியில நின்னுச்சா, ஓரத்துல வழிஞ்சு ஓடுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப நல்ல கடைக்காரன். பச்சை மிளகாய்?"

"கேட்டாத்தான் வைக்கிறாங்க."

"இனிப்புக்குப் பேர்போன நாப்லுஸ்காரன் வேற எப்படி இருப்பான்! உடம்புல ரத்தத்துக்குப் பதிலா சர்க்கரைப் பாகு ஓடறவன்."

சிரித்தான். எத்தனை மாசம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. முன்பு அவன் சிரித்தால் தொப்பை குலுங்கும். காரிலிருந்து இறங்கத் தம்பி ரம்ஸி கைகொடுக்க வேண்டும். இப்போது எப்படி இருக்கிறான் என்று தெரியாது. படம் அனுப்பச் சொன்னால் பேச்சை மாற்றுகிறான்.

மார்பில் கட்டி என்று காஸாவிலிருந்து இங்கே அறுவைச் சிகிச்சைக்கு வந்தவள் நான். பதினைந்து நாளில் திரும்புவதாக இருந்தேன். வந்த வாரமே அங்கே போர் தொடங்கிவிட்டது, வழி அடைபட்டது. சாகப்போகிறவள் நான் என்றுதானே வாசலில் நின்று எல்லோரும் அழுதார்கள்?

மே 19, திங்கள்

லைன் இல்லை. கறியும் கத்தரிக்காயும் சோறும் அடுக்கிக் கவிழ்த்த மக்லூபா தின்றேன். சொல்வதற்கு ஆள் இல்லாமல் தின்பது திருட்டு மாதிரி இருக்கிறது.

மே 25, ஞாயிறு

அபூ வஹீபின் மனைவி உம் வஹீப் எனக்காகவே சுமாக்கிய்யா செய்திருந்தாள். எங்கள் ஊர்ப் பெருநாள் சமையல். கீரை, ஆட்டுக்கறி, எள் விழுது, சுமாக் பழப்பொடியின் புளிப்பு. அவள் இதற்குமுன் செய்ததே இல்லை. தின்றுகொண்டிருக்கும்போதே ஜவ்தத் பேசினான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மிளகாயும் சதகுப்பை விதையும் சேர்த்து இடிச்சீங்களா, சகோதரி? இல்ல, மேல தூவிட்டீங்களா?"

"தூவினேன்."

"போச்சு! இடிக்கணும். மண் சட்டியில போட்டு இடிக்கணும்."

"எண்பது மைல் தள்ளி உட்கார்ந்துக்கிட்டு என் சட்டிக்குள்ள எட்டிப் பாக்கறாரே!" என்றாள் உம் வஹீப். "நாக்கை நீட்டிக்கிட்டே பொறந்தாரா உன் புருஷன்?"

"ஆமா சகோதரி, எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுவாங்க. உங்க கைக்கு ஒரு நோவும் வரக்கூடாது."

கடை முழுக்கச் சிரிப்பு. அப்போது போனில் ஒரு சின்னக் குரல்: "பெரியப்பா, கறி எவ்வளவு பெருசுன்னு கேளுங்க."

ஹலா. ரம்ஸியின் மகள். ஆறு வயசு.

இத்தனை நாளும் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். நான் எண்ணெயைப் பற்றி, ரொட்டியைப் பற்றி... ஐயோ, என்ன செய்துகொண்டிருந்தேன்? பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

மே 27, செவ்வாய்

சண்டை.

"இனிமே சொல்ல மாட்டேன். பசியோட இருக்கற குழந்தைக்குக் கேக்கற மாதிரியா போனை வச்சுக்குவே? உனக்கு நெஞ்சுல ஈரமில்லையா?"

"அதைக் கேட்டுட்டுத்தான் தூங்கறா, ருதைனா. கதை மாதிரி. நீ சொல்லாத அன்னிக்கு விடிய விடிய அழறா. சோறு குடுக்க நம்மால முடியல. தூக்கத்தையாவது குடு."

சொன்னேன். மக்லூபா. கத்தரிக்காய் எந்த நிறம் என்று ஹலா கேட்டாள். கறி போடவே இல்லை என்று பொய் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

"இன்னிக்கு வேண்டாம்" என்றான். "ஒண்ணும் சொல்லாதே."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. நாளைக்கு மாவு கொடுக்கும் இடத்துக்குப் போகிறானாம், ரம்ஸியோடு.

"அங்க ராணுவக்காரங்க சுடறாங்கன்னு சொல்றாங்களே, ஜவ்தத்."

"கூடாரத்துலயே படுத்திருந்தா மட்டும்? என் கண்ணே, விடு. நீ உடம்பைப் பாத்துக்கோ. மாத்திரை போட்டியா?"

போட்டேன் என்றேன். அதோடு லைன் போய்விட்டது.

ஜூன் 6, வெள்ளி

பெருநாள். போன் வரவில்லை. கடை மூடியிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

ரம்ஸி பேசினான். சுட்டதும் கூட்டம் ஓடியது என்றான். தானும் ஓடினேன் என்றான். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் இல்லை.

"மதனி, நான் அவர் கையைப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன்."

எத்தனை தடவை அதையே சொன்னான். மாவு கிடைத்ததா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன்? இல்லை என்றான்.

ஜூன் 11

ஆஸ்பத்திரிகளில் பெயர் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அபூ வஹீப் மாடிக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. இங்க உனக்குச் சொந்தபந்தம்னு யாரும் இல்ல. நாலு பேர் வந்து துக்கம் கேக்க ஒரு இடம் வேணும். கடையை மூணு நாள் அதுக்கு விடறேன்னு உம் வஹீப் சொல்லச் சொன்னா."

கத்திவிட்டேன். "யாருக்குத் துக்கம்? உடம்பு எங்கே? உடம்பைக் காட்டுங்க! பிடிச்சுட்டுப் போயிருக்கலாம்ல? எத்தனை பேரைப் பிடிச்சுட்டுப் போய் விட்டிருக்காங்க!"

"சரிம்மா, சரி" என்று இறங்கிப் போனார். பெரிய மனுஷர். இப்படியா பேசுவது? ஆனால் நான் தலையாட்டினால், கொன்றது நான் என்று ஆகிவிடாதா?

ஜூன் 22

கைதானவர்கள் பட்டியலிலும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

ரம்ஸி: "மதனி, அன்னிக்கு விழுந்தவங்களை அங்கயே மண்ணைத் தள்ளி மூடிட்டாங்களாம். பாத்தவர் சொன்னார். சாம்பல் சட்டை போட்ட வயசானவர் ஒருத்தர்னு சொன்னார்."

"அவனுக்கு வயசாகல. நாற்பத்தொம்பது."

"நீங்க அவரைக் கடைசியில பாக்கல, மதனி."

ஜூலை 3, வியாழன்

காலையில் கீழே போய், "நாற்காலி போடுங்க" என்றேன். அபூ வஹீப் அடுப்பில் இருந்த கடலை அண்டாவை இறக்கிவிட்டு, துக்க வீட்டுக்குரிய சர்க்கரை போடாத காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். மேஜைகளைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தெருவே வந்தது. தையற்கடைப் பெண்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் வந்தாள். அவனை யாரும் பார்த்ததில்லை. சிலர் குரலை மட்டும் கேட்டிருந்தார்கள்.

முதலில் வந்தவள் என் கையைப் பிடித்து, "அல்லாஹ் அவருக்கு இரங்கட்டும்" என்றாள். எனக்கு வாய் திறக்கவில்லை. அடுத்தவளுக்கும் இல்லை. உம் வஹீப் என் முதுகில் கை வைத்தபடி எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காவதாக வந்தவளுக்கு நானே சொன்னேன். துக்கம் கேட்க வருபவர்களுக்குப் புருஷனை இழந்தவர்கள் திருப்பிச் சொல்வதை.

"உங்க ஆயுசு நீளட்டும்."