சுவரில் ஏறும் கோடு

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுவது. எல்லோரும் நலம் என்று போடச் சொன்னேன், இவள் எழுதாமல் என் முகத்தையே பார்க்கிறாள், சரி, இருக்கிறோம் என்று போடு என்றேன். நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு.

பக்கவாதம் வந்து நாலு மாதமாகியும் அப்பாவின் வலது கை கத்திரிக்கோலைப் பிடிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவேன் என்று நீ சொன்னதிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. அதனால்தான் சீன வைத்தியம் பார்க்கிற ஒருவனை வீட்டுக்குள் விட்டேன். கண்ணாடிக் கோப்பைக்குள் நெருப்பைக் காட்டி, தோளிலிருந்து முழங்கை வரை கவிழ்த்து வைக்கிறான், சதை உள்ளே உப்பிக்கொண்டு நிற்கிறது, எடுத்தால் வட்ட வட்டமாகக் கன்றிப்போன தடம். வலிக்குதா என்றால் சுகமா இருக்குடி என்கிறார் உன் அப்பா, உணர்வே இல்லாத கைக்கு என்ன சுகமோ. சூடு தெரியாத கைகிட்ட நெருப்பா என்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பயிற்சிக்கார அம்மா தலையிலடித்துக்கொண்டாள், அவளை இனி வர வேண்டாம் என்கிறார் இவர். வாராவாரம் அப்பாவை நம் கடை ஸ்டூலில் உட்காரவைத்து, கை எட்டும் இடத்தில் சாக்கட்டியால் சுவரில் கோடு போடுகிறான் அவன். பாருங்கம்மா, மூணு அங்குலம் ஏறிடுச்சு என்று பல்லைக் காட்டுகிறான். தையற்காரன் பெண்டாட்டியிடமா அளவு காட்டுவது? நேற்று டேப்பை எடுத்து ஸ்டூலை அளந்தேன். மெத்தையோடு பதினெட்டு அங்குலம் இருந்தது, இப்போது இருபத்தொன்று! நாம் அசந்த நேரம் பார்த்து எதையோ திணித்திருக்கிறான் திருடன். நான் விரட்டினால் அப்பா என்னோடு பேசமாட்டார், அவனை நிறுத்தச் சொல்லி நீ போனில் சொல், பயிற்சியை விடக் கூடாது என்றும் சொல், உன் பேச்சைத்தான் கேட்பார்.

நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். வெளியே போனால் காதை மூடிக்கொள், மறக்காதே.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா

அண்ணா, அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், அவசரமாக எழுதுகிறேன். மெத்தைக்குள் துணி வைத்துத் தைத்தது நான். வாரத்துக்கு ஒரு மடிப்பு வைம்மா, உங்க அண்ணன் வேலையை விட்டுடக் கூடாது என்று அப்பா கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அம்மாவிடம் சொல்லவும் வரவில்லை. வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது, கோட்டைப் பார்த்து அவரே சந்தோஷப்படுகிறார். பயிற்சிக்கார அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் அப்பா அவளை வேண்டாம் என்கிறார். இன்று காலை மெத்தைக்குள் வைத்த துணியை எடுத்துவிட்டு அளந்தோம். கை முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். துடைச்சிடு என்றார் அப்பா. நான் துடைக்கவில்லை. நீ வந்துவிடு அண்ணா.