தம்பிக்குத் திரும்பும் சொற்கள்

மார்ச் 4
தம்பிக்கு இன்று மூன்று சொற்கள் வந்தன: தண்ணி, வலி, போ. "போ" என்றது என்னைப் பார்த்து. தலையில் அடிபட்டவர்களுக்குக் கோபம் முதலில் வருமாம். "நல்ல அறிகுறிதாங்க, சந்தோஷப்படுங்க" என்றார் பேச்சுப் பயிற்சி டீச்சர். பட்டேன்.

மார்ச் 9
சவரம் செய்துவிட்டேன். கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 15
டீச்சர் படம் காட்டிப் பெயர் கேட்டார். பிரஷ், வாளி, பூட்டு — சட்டுச் சட்டென்று சொன்னான். பெயிண்டர் அல்லவா, இடக்கையால் காற்றுக்கு ஒரு கோட்டிங் அடித்தும் காட்டினான். சிரித்தோம். அடுத்த படம் ஏணி. வாயடைத்துப் போனான். படத்தைத் தள்ளிவிட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுலதான் ஏதோ இருக்கு. தினமும் காட்டுவோம்" என்றார் டீச்சர்.

மார்ச் 16
எழுதித்தான் ஆகவேண்டும். ஈரத்தரையில் ஏணி வழுக்கி அவன் விழுந்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். தரை காய்ந்துதான் கிடந்தது. இனி தனியாக வேலை எடுக்கப் போவதாக அவன் மேலிருந்து சொன்னான். நான்தானே அவனுக்குத் தொழில் பழக்கியவன்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீயே பாத்துக்கோ" — ஏணியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு நடந்தேன். நாலடி போயிருப்பேன். தள்ளவில்லை. சத்தியமாகத் தள்ளவில்லை. விட்டேன், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

மார்ச் 22
"நீங்க இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான் மாமா" என்று தம்பி மனைவி கண்ணைத் துடைத்தாள். சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். மாத்திரை நேரமாகிவிட்டது.

மார்ச் 29
முதல் முழு வாக்கியம். சாப்பிடும்போது கேட்டான்: "அன்னைக்கு... நீ எங்க போன?"

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "பெயிண்ட் எடுக்கடா" என்றேன். மெதுவாகத் தலையாட்டினான். நம்பின தலை இல்லை அது.

ஏப்ரல் 3
இரண்டு நாளாகப் பயிற்சிக்கு அவனை அழைத்துப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவன் பேசாமலே இருந்துவிட்டால்... சீ! நானெல்லாம் ஒரு அண்ணனா?

ஏப்ரல் 5
இன்று தம்பி மனைவியே அவனைப் பயிற்சிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரலன்னு அவருக்கு ரொம்பக் கோவம் மாமா. 'அண்ணன் கைய விட்டுட்டான்'னு அதையே சொல்லிட்டிருக்காரு. உள்ள வந்து சமாதானம் பண்ணுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"அவன் சரியாத்தாம்மா சொல்றான். கொஞ்சம் உக்காரு" என்றேன்.

உட்காரவில்லை. நின்றபடியே முழுதும் கேட்டாள். பிறகு, "இனிமே இங்க வராதீங்க." மாமா என்ற சொல் அதில் இல்லை. உள்ளேயிருந்து தம்பி, "யாரு?" என்றான். "யாருமில்ல" என்று கதவைச் சாத்தினாள்.

ஏப்ரல் 26
பயிற்சி நிலையத்துக்கு எதிரே நின்று பார்த்தேன். ஊன்றுகோலோடு தானே படியேறினான். ஆறாவது படியில் நின்று, திரும்பி, தெருவின் இரண்டு பக்கமும் யாரையோ தேடினான். நின்றிருந்த வண்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.